மாப்பிள்ளையின் வயர்மேன் பரீட்சை

உ

செஞ்சி,
10-2-1964, திங்கட்கிழமை.

என் அருமை மகள் வேதநாயகிக்கு அம்மா உண்ணாமலை ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. சிங்கவரம் பெருமாள் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் கை கால் சுகமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கோத்தகிரி மலைக்குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி வருகிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். பொங்கலுக்கு நீ போட்ட கார்டு வந்தது. பதில் நாலு வரியில் எழுதினேன் என்று கோபப்பட்டிருப்பாய். எழுத வேண்டியது நிறைய இருந்தது, எழுதக் கூடாது என்று உன் நைனா சொல்லியிருந்தார், அதனால்தான் நாலு வரி.

மாப்பிள்ளை சனிக்கிழமை காலை பஸ்ஸில் திண்டிவனம் போய் அங்கிருந்து மெட்ராஸ் போயிருக்கிறார். இன்றைக்குத்தான் அவருக்கு வயர்மேன் பரீட்சை. இரண்டாவது தடவை. நைனாவுக்குக் கடைக்குச் சோறு கொடுத்தனுப்பிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரிசல்ட் வந்த பிறகு உனக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம் என்பது நைனாவின் யோசனை. எனக்கு அப்படித் தோன்றவில்லை வேதா. ரிசல்ட் வந்துவிட்டால் நாம் பேசுகிற பேச்சு எல்லாம் அந்த ரிசல்ட்டுக்குத் தகுந்த மாதிரி மாறிவிடும். பாஸ் என்றால் எல்லாம் நல்லதாகத் தெரியும், பெயில் என்றால் எல்லாம் தப்பாகத் தெரியும். இரண்டும் தெரியாமல் இருக்கிற இன்றைக்கே நீ நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார், பஸ் ஏறும்போது உங்க இஷ்டம் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் தலைமை டீச்சரம்மா மூலமாக நீ அவருக்காகச் சொல்லிவைத்திருக்கிற தேயிலை பாக்டரி வேலை, லைசென்ஸ் இருந்தால்தான் எடுப்பேன் என்று மானேஜர் சொன்னது, பங்குனி வரைக்கும் இடத்தை நிறுத்திவைப்பதாக வாக்குக் கொடுத்தது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கல்யாணம் ஆகி ஒரே வருஷத்தில் நீ அந்த ஊர் அவர் இந்த ஊர் என்று ஆகிவிட்டது. கூட இருக்க வேண்டும் என்று நீ ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. ஆனால் தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அவரிடம் சொன்னாயே ஒரு வார்த்தை, பாஸ் பண்ணா மலைக்கு வாங்க, இல்லன்னா வராதீங்க என்று. நீ கிணற்றடியில் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாய், நைனாவும் நானும் இங்கே இருந்தோம், அவர் கால் கழுவிக்கொண்டிருந்தார். நீ கோபத்தில் சொன்னது, சொல்லி முடிந்ததும் உனக்கே மறந்துபோயிருக்கும்.  அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் இந்த வீட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆவணியில் பெயில் ஆனாரே, அப்போது எழுத்துப் பரீட்சையில் கேள்வி கடினம் என்றுதான் உன்னிடமும் எங்களிடமும் சொன்னார். நாமும் நம்பினோம். வல்லத்தில் அவர் வீட்டில் அண்ணன்மார் இரண்டு பேர், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரே சந்தடி, அங்கே புத்தகத்தைப் பிரிக்க முடியாது, பரீட்சை முடியும் வரைக்கும் இங்கே வந்து இருக்கட்டும் என்று நைனாதான் கூப்பிட்டார். மாமியார் வீட்டில் வந்து தங்குவதா என்று அவருக்குக் கூச்சம். திண்டிவனத்துக் காண்டிராக்டரிடம் வேலை இருக்கிற நாளில் விடியும் முன்பே போய்விடுவார், வேலை இல்லாத நாளில் கூடத்து மூலையில் சத்தமில்லாமல் படிப்பார். வீட்டில் ஒரு ஆள் இருக்கிறதே தெரியாது. யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பார்க்கலாம் என்று நைனாவிடம் கேட்டிருக்கிறார். நைனாவுக்குக் கடையை விட்டு வர நேரம் ஏது. கடைசியில் அந்த வேலை என் தலையில் வந்தது. உனக்குத்தான் தெரியுமே, உன் கல்யாணத்திலிருந்து நான் அவர் முன்னால் வந்து நின்று பேசியதில்லை. அதனால் நான் சமையல்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம், அவர் கூடத்தில். நான் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வியை வாசிப்பேன், அவர் அங்கிருந்து பதில் சொல்வார். எர்த்து எதற்குப் போட வேண்டும், மாடிப்படி விளக்கை மேலேயும் கீழேயும் போட்டு அணைக்க எத்தனை கம்பி வேண்டும், ஈரக் கையோடு ஏன் தொடக் கூடாது, இப்படி. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒரு மாதத்தில் ரசம் கொதிக்கிற நேரத்தில் புத்தகம் பார்க்காமலே கேட்க ஆரம்பித்துவிட்டேன். எந்தக் கேள்வி கேட்டாலும் தடுமாறாமல் பதில் வந்தது. அப்போதுதான் எனக்குள் ஒரு சந்தேகம். இவ்வளவும் தெரிந்த மனுஷன் எழுத்துப் பரீட்சையில் எப்படிப் பெயில் ஆனார்? நைனாவிடம் சொன்னேன். பரீட்சைன்னா இன்னா உன் சமையல்னு நெனச்சியா, அங்கெல்லாம் சுத்தி வளைச்சிக் கேப்பாங்க என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

நீ ஊருக்குப் போன பிறகு கார்த்திகையில் இங்கே நல்ல மழை. ஏரி நிரம்பியது, கடைத்தெரு முழங்கால் சேறு. நம் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ரியாசுதீன் பாய் சோடாக்கடை இருக்கிறதே, அதன் வாசலில் இறக்கிய தகரச் சாய்ப்பில் கரண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் சம்சாரம் முன்னி அதன் இரும்புக் காலைப் பிடித்தவள் கத்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வேளை, ஒன்றும் ஆகவில்லை. கடைத்தெருவே கூடிவிட்டது. உன் நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை, எங்க மாப்ள வயர்மேன் வேலைதான் பாக்கறாரு, இருங்க இட்டாரேன் என்று அவரே மழையில் நனைந்துகொண்டு வந்து மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். நான் நம் வாசலில் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை உள்ளே போய் மெயின் சுவிட்சுப் பலகைக்கு முன்னால் நின்றார். கையைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார், மறுபடி பின்னால் திரும்பினார். அவ்வளவு மழைக் குளிரிலும் முகமெல்லாம் வேர்த்திருந்தது என்று முன்னி பிறகு சொன்னாள். கடைசியில் கையை இறக்கிவிட்டு, கரண்டு ஆபீஸ் ஆளக் கூப்டுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வந்துவிட்டார். இன்னா வயர்மேனு இவரு, ஒயரப் பாத்தாலே ஓடறாரு என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அது எங்கள் வாசல் வரைக்கும் கேட்டது.

கடை அடைத்துவிட்டு வந்த நைனா சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு அன்றைக்கு அவமானம். கூடத்தில் நின்று, கடைத்தெருவுல என் மூஞ்சிய எங்க கொண்டு வெக்கிறது, தெரியாத வேலைக்கு எதுக்குப் பரீட்சை, பேசாம வந்து கடையில பருப்பு நிறுக்கலாமே என்று சொல்லிவிட்டார்.  மறுநாள் காலையில் நான் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிறேன், மாப்பிள்ளை டிரங்குப் பெட்டியில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். வல்லத்துக்குப் போறேன் அத்தை என்றார். எனக்கு அப்போது என்ன தோன்றியதோ, கதவு மறைவு என்பதெல்லாம் மறந்து அவர் எதிரிலேயே போய் நின்றேன். போறதுன்னா போங்க, நான் தடுக்கல, ஆனா இன்னா ஆச்சுன்னு சொல்லிட்டுப் போங்க, உங்களுக்குத் தெரியாத வேலைன்னு நான் நம்ப மாட்டேன், இத்தினி நாளா கேள்வி கேட்டவ நானு என்றேன். அவர் பெட்டி மூடியைச் சாத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். பிறகுதான் சொன்னார்.

போன வைகாசியில் காய்ச்சல் என்று வல்லத்தில் படுத்துக் கிடந்தாரே, நீ கஞ்சி வைத்துக் கொடுத்தாயே, அது காய்ச்சல் இல்லை வேதா. தொண்டூரில் துரைக்கண்ணு என்கிறவருடைய கிணற்றில் பம்புசெட்டு வேலைக்கு இவரும் கூட வேலை செய்கிற பச்சைமுத்துவும் போயிருக்கிறார்கள். மோட்டார் கிணற்றுக்குள்ளே பாதி ஆழத்தில் மேடையில் இருக்கிறது. மெயின் சுவிட்சு மேலே கொட்டகையில். இவர் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்கியிருக்கிறார். துரைக்கண்ணு நல்ல மனுஷன்தானாம். மல்லாட்டைக் கொல்லை தண்ணீர் இல்லாமல் காய்கிறதே என்ற கவலையில் வயலிலிருந்து வந்தவர், கொட்டகையில் யாரும் இல்லை, சுவிட்சுக் கைப்பிடி கீழே இறங்கிக் கிடக்கிறது, கரண்டு போனபோது யாரோ அணைத்திருப்பார்கள் போல என்று நினைத்து மேலே தள்ளிவிட்டார். உள்ளே இவர் கை கம்பியில். கரண்டு பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லையாம். படியில் இருந்த பச்சைமுத்து காய்ந்த மூங்கில் கழியால் இவர் கையை ஓங்கி அடித்து விடுவித்திருக்கிறான். தண்ணீரில் விழுந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். துரைக்கண்ணு காலில் விழாத குறையாக அழுதாராம். இதையெல்லாம் சொல்லும்போது மாப்பிள்ளை குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, யாருக்கோ நடந்தது போலச் சொன்னார்.

ஆவணிப் பரீட்சையில் எழுத்து நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். செய்து காட்டச் சொன்ன இடத்தில்தான் எல்லாம் போனது. சுவரில் மெயின், இவருக்கு முதுகுப் பக்கம். மற்றவர்கள் அங்குமிங்கும் போகிறார்கள். ஆரம்பிக்கலாம் என்று சொன்னதும் இவர் கை நகரவில்லை. கொடுத்த நேரம் முழுவதும் நின்றுவிட்டு வந்திருக்கிறார். செய்முறையில் தேறினவர்களைத்தான் அடுத்த அறைக்கு வாய்ப் பரீட்சைக்குக் கூப்பிடுவார்களாம். இவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஏன் என் மகளிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவ அங்க தனியா இருக்கா அத்தை, தெரிஞ்சா இந்த வேலையே வேணாம்னு சொல்லிடுவா, அவ சொன்னா நான் விட்டுடுவேன் என்றார்.

நான் உன்னிடம் மறைக்கவில்லை, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. உயிர் பிழைத்ததே பெரிது, மளிகைக் கடை இருக்கிறது, உட்கார்ந்து வியாபாரம் பார்க்கட்டும், நீயும் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிடு என்று எழுதலாமா என்று யோசித்தேன். அவரிடம் சொல்லவும் சொன்னேன். சரின்னு சொல்லிடுவேன் அத்தை, ஆனா இத விட்டுட்டா அப்புறம் எதப் பாத்தாலும் பயம் வந்துடும் என்றார். அதற்கு மேல் என்னால் கட்டாயப்படுத்த முடியவில்லை. கரண்டுதான் பயமா என்று கேட்டேன். கரண்டு இல்ல அத்தை, பின்னால யாராச்சும் போட்டுடுவாங்களோன்னுதான் என்றார். அப்படின்னா யாரும் போடாம நான் நிக்கிறேன், நீங்க வேலையச் செய்யுங்க என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கே அது சரியா தப்பா என்று தெரியவில்லை. பெட்டியில் வைத்த சட்டையை அவர் எடுத்து மறுபடி கொடியில் போட்டதும் சரி ஒரு நாள் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் வீட்டு மெயின் சுவிட்சு நடையில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறதல்லவா, பகலில் சமையலை முடித்துவிட்டு அங்கே போய்க் கைப்பிடியைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் சமையல்கட்டு விளக்கைக் கழற்றி மாட்டுவார். முதல் நாள் அது ஒன்றுதான் முடிந்தது. அதற்குள் பத்துத் தடவை திரும்பிப் பார்த்திருப்பார். நிக்கிறீங்களா அத்தை என்பார், நிக்கிறேன் என்பேன். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எனக்கு வாசனை வருகிறது, ஆனால் கையை எடுக்கவில்லை. பாலு பொங்குது அத்தை என்று அவரே சொன்னார். பொங்கட்டும், நீங்க முடிங்க என்றேன். அப்புறம் கூடத்து விளக்கு, கொல்லைப்பக்கம் புதிதாக ஒரு விளக்கு, மாடிப்படிக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சுவிட்சு என்று ஒவ்வொன்றாகப் போட்டார். போட்டதையே கழற்றி மறுபடி போடுவார். இப்போது நம் வீட்டைப் பார்த்தால் நீ சிரிப்பாய், கோழிக்கூண்டுக்குக்கூட விளக்கு இருக்கிறது.

தெருவில் பேச்சு வராமல் இருக்குமா. மாமியாரும் மாப்பிள்ளையும் நடைவாசலில் நின்று மணிக்கணக்காகப் பேசிக்கொள்கிறார்கள் என்று வந்துவிட்டது. முன்னிதான் வந்து சொன்னாள், உடனே அவளே, நீங்க காரணமில்லாம நிக்க மாட்டீங்க அக்கா, நான் பதில் சொல்லிக்கிறேன் என்றும் சொன்னாள். உன் நைனாவிடம் நான் தொண்டூர் விஷயத்தை மாப்பிள்ளை சொன்ன அன்றைக்கே சொல்லியிருந்தேன்.  அதற்குப் பிறகு அவர் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசாமல் கொஞ்ச நாள் இருந்தார். தன் வாயால் சொன்னது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும், அதைச் சொல்கிற பழக்கம்தான் அவருக்குக் கிடையாதே. ஒரு நாள் மத்தியானம் கடைப்பையனை வைத்துவிட்டுச் சாப்பிட வந்தார். நான் மெயினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மாப்பிள்ளை முக்காலி மேல் ஏறி நிற்கிறார். நைனா செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து, நீ போயி சோறு போடு, நான் நிக்கிறேன் என்றார். நான் நகர்ந்தேன். மாப்பிள்ளை கை நின்றுவிட்டது, மேலே இருந்தபடியே மாமனாரைப் பார்த்தார். இன்னா பாக்கறீங்க, ஒருத்தரையும் கிட்ட அண்ட உட மாட்டேன், நீங்க வேலையப் பாருங்க மாப்ள என்றார் நைனா. சோறு ஆறிப்போனது, அவருக்கு முழங்கால் வலி வேறு. கடைசி ஆணி முடுக்குகிற வரைக்கும் நின்றார். அன்றைக்கு மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் மெட்ராசில் நானும் நிற்க முடியாது நைனாவும் நிற்க முடியாது. அதை நானே ஒரு நாள் அவரிடம் சொன்னேன். அவரும் யோசித்துத்தான் வைத்திருந்தார். பீஸ் கட்டை என்று மெயின் பலகையில் வெள்ளைப் பீங்கானில் இருக்குமே, அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யார் வந்து சுவிட்சைத் தள்ளினாலும் கரண்டு வராதாம். அதற்குப் பிறகு நான் மெயினை விட்டுக் கூடத்துக்கு வந்தேன், பிறகு கிணற்றடிக்குப் போனேன், பிறகு ஒரு நாள் சந்தைக்கே போய்விட்டு வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், நான் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் தபால்காரர் கதவை ஓங்கித் தட்டியிருக்கிறார். இவர் கட்டிங் பிளேயரைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தவர், நான் திரும்பி வருகிற வரைக்கும் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். பீஸ் கட்டை பையில்தான் இருந்தது. அது தெரிந்தும் உள்ளே போக முடியவில்லை. அப்புறம் கொஞ்ச நாள் கம்பியையே தொடவில்லை. பரீட்சைக்கே போக மாட்டார் என்று நினைத்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை, நைனாவையும் கேட்க விடவில்லை. பிறகு அவராகவே ஒரு காலையில் வந்து, அத்தை கொஞ்சம் நிக்கிறீங்களா என்றார். பழையபடி போய் நின்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. இதை உனக்கு எழுதுவது உன்னைக் குத்திக்காட்ட இல்லை. உனக்குத் தெரியாமல் நீ பேசிவிட்டாய். இப்போது தெரிந்துகொண்டாய். பரீட்சை எப்படி ஆனாலும் முதலில் உன்னிடமிருந்து அவருக்கு ஒரு நல்ல வார்த்தை வரட்டும். இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, இந்த வேலையே வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் சொல்லு. அது உன் பாத்தியதை, நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் நேரில் பார்த்து முகத்துக்கு நேராகச் சொல்லு. கார்டில் எழுதாதே.

புதன்கிழமை.

திங்கட்கிழமை இதை முடித்துத் தபாலில் சேர்க்கலாம் என்று இருந்தேன், கவர் வாங்க நைனாவிடம் சொன்னதை அவர் மறந்துவிட்டார். அதுவும் நல்லதற்குத்தான். நேற்றுச் சாயங்காலம் மாப்பிள்ளை வந்துவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குத்தான் போயிருக்கிறார். நைனா கல்லாவை விட்டு எழுந்து வந்து, சாப்டீங்களா என்றாராம். அதற்கு மேல் கேட்கத் தெரியாமல் இரண்டு பேரும் சேர்ந்து நடந்து வீட்டுக்கு வந்தார்கள். நான் எதிரிலேயே போய் நின்று இன்னா ஆச்சு என்று கேட்டேன். செய்முறைக்கு இவர் முறை வந்ததும், மெயின் பலகைக்கு முன்னால் போய்ப் பரீட்சை அதிகாரியிடம், சார் பீஸ் கட்டைய நானே வெச்சிக்கலாமா என்று கேட்டிருக்கிறார். எதுக்கு, சுவிட்ச அணைச்சா போதாதா என்று அவர் கேட்டார். அணைச்சதுக்கப்புறம் ஒருத்தர் போட்டு ஒரு தடவ விழுந்திருக்கேன் சார் என்று இவர் சொன்னார்.  அந்த அதிகாரி சரி வெச்சிக்க என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் போக வர இருந்தவர்களைச் சுற்றிப் போகச் சொன்னாராம். ஆணி ரெண்டு தபா கீழ விழுந்திடிச்சி அத்தை, ஆனா கை நிக்கல என்றார். முடித்து விளக்கும் எரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அடுத்த அறையிலிருந்து வாய்ப் பரீட்சைக்குப் பூவராகவன் என்று கூப்பிட்டார்களாம். தன் பெயர்தானா என்று சந்தேகமாகி, பக்கத்தில் இருந்தவர் தட்டிச் சொன்ன பிறகுதான் எழுந்து போயிருக்கிறார். அங்கே கேட்டதில் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டார், மற்றது பரவாயில்லை என்கிறார். அந்தக் கணக்கு நான் கேட்டதில் இல்லை. ரிசல்ட் தபாலில் வரும், அதற்கு மாசி முடிந்துவிடும் என்கிறார்கள். அந்த ஒரு கணக்கு என்ன செய்யுமோ தெரியாது.

சாப்பிட்டு முடித்த பிறகு நான் சொன்னேன், வெள்ளிக்கிழமை திருவண்ணாமலை பஸ் ஏறிச் சேலம் வழியாகக் கோத்தகிரி போய்வாருங்கள் என்று. அவர் தலையை ஆட்டினார். ரிசல்ட்டு வரட்டும் அத்தை, பாஸ் பண்ணாம வரக் கூடாதுன்னு அவ சொல்லியிருக்கா என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. அவ சொன்னத நான் பாத்துக்கறேன், கட்டின பொண்டாட்டியப் போயிப் பாக்கறதுக்கு எந்த ஊர்ல லைசென்ஸ் கேக்கறாங்க என்றேன். நைனா முதலில் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையும் சிரித்துவிட்டார். இத்தனை மாதம் இந்த வீட்டில் இருந்த மனுஷன் சிரித்து நேற்றுத்தான் கேட்டேன். பல் தெரியச் சிரிக்கும்போது நல்ல களையாகத்தான் இருக்கிறார்.

ஆகையால் வெள்ளிக்கிழமை புறப்பட்டு வருகிறார். வேலை கிடைக்கிறதோ இல்லையோ ஒரு வாரம் உன்னோடு இருக்கட்டும். இந்தக் கடுதாசி அவருக்கு முன்னால் வந்து சேர வேண்டும் என்று இன்றைக்கே தபாலில் போடுகிறேன். அவரிடம் வறுத்த மல்லாட்டைப் பருப்பும் கொஞ்சம் வெல்லமும் கருவடகமும் கொடுத்தனுப்புகிறேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளாவது லீவு சொல்லிவிட்டு பஸ்ஸடிக்கு நீயே போ. வந்தவுடன் பரீட்சையைப் பற்றிக் கேட்காதே, தொண்டூரைப் பற்றியும் கேட்காதே. வெந்நீர் போட்டுக் கொடு, சோறு போடு, பக்கத்தில் உட்கார். அவராகச் சொல்வார். அவருக்குச் சொல்லத் தெரியும், கேட்கிறவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் நீண்ட ஆயுசோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும் என்று நானும் நைனாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மறக்காதே. குளிருக்கென்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலை மூடிப் படுக்காதே, படுக்கும்போது அடுப்பை வெளியே வைத்துவிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
கோ. உண்ணாமலை

நைனா எழுதியது: வேதா, மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல கம்பளிச் சட்டை அங்கேயே பார்த்து எடுத்துக் கொடு. இங்கே கடைத்தெருவில் கிடைக்கிறது ஒன்றும் அவருக்கு ஏற்றதாக இல்லை.